காசல்ரீ கரையில் தூண்டில் போட்டி: எந்தக் கட்டைக் கட்டுவது?

"அண்ணே, ரெண்டு கொக்கி போடவா, ஒண்ணே போதுமா?"

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டி என்று பேச்சு அடிபட்டால் போதும், சனிக்கிழமை சாயந்தரம் வேலை விட்டு வரும் பையன்களில் இரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வாசலில் வந்து நிற்பார்கள். கையில் டவுனில் வாங்கிய பாக்கெட் ஒன்று இருக்கும். மூன்று கொக்கி, பளபளக்கும் மணிகள், சிவப்பு நூல். கடலுக்கென்று செய்த சாமான். கடைக்காரர் அதை 'ரிக்' என்பார், நாங்கள் கட்டு என்கிறோம். பிரதான நூலின் நுனியில் ஈயம் (பாரத்துக்கு), கொக்கி, சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) எல்லாம் சேர்ந்து எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. முதலில் நான் நாலு கேள்வி திருப்பிக் கேட்பேன்.

## முதலில் கேட்க வேண்டியவை

எதை வைத்து வெற்றி? மீனின் எண்ணிக்கையா, மொத்த எடையா, தனி ஒரு பெரிய மீனா? எண்ணிக்கை என்றால் திலாப்பியாவைத் துரத்த வேண்டும். 1952இல் இந்த நாட்டுக் குளங்களில் கொண்டுவந்து விட்ட மீன் அது. இன்றைக்கு அது இல்லாத நீர்த்தேக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரிய மீன் என்றால் கார்ப். இரண்டின் வாயும் வேறு, கடிக்கும் விதமும் வேறு. ஒருவர் எத்தனை கொக்கி போடலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது, மவுசாகலை 1969இல் மஸ்கெலியா ஓயாவை. இரண்டும் வெறும் பள்ளத்தாக்கில் தேங்கிய தண்ணீர் அல்ல. தேயிலை மலை, பாதை, வீடு, கோயில் எல்லாம் உள்ளே போயிருக்கின்றன. கடும் வரட்சியில் மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் தலைகாட்டுவதைப் பார்க்கக் கூட்டமே போகும். கோயிலைப் பார்க்கப் போகிறவன் கொஞ்சம் கீழேயும் பார்க்கட்டும்: மரத்தூர், தேயிலைத் தூர் (வெட்டிய மரத்தின், செடியின் அடிக்கட்டை), கற்சுவர். நீங்கள் வீசும் ஈயம் போய் விழுவது அங்கேதான்.

எவ்வளவு தூரம் வீச வேண்டும்? தென்மேற்குப் பருவ மழையில் தண்ணீர் ஏறி, புல் முளைத்த கரை மூழ்கும்போது மீன் காலடிக்கே வந்துவிடும். தண்ணீர் இறங்கிக் கிடக்கும்போது பழைய ஆற்றுப் பள்ளம்வரை வீச வேண்டியிருக்கும்.

அறுந்தால் எவ்வளவு நேரம் போகும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான்கு மணி நேரப் போட்டி என்றால் 240 நிமிடம். கட்டு அறுந்து, குளிரில் விறைத்த விரலால் புதிதாகக் கட்டி, இரை கோத்து, மறுபடி வீச எனக்கு எட்டு நிமிடம் ஆகும். ஆறு தடவை அறுந்தால் 48 நிமிடம், அதாவது போட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் பக்கத்துக்காரனின் கொக்கி தண்ணீருக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்து நம் கரைகளில் போட்டிகள் பெரும்பாலும் இந்த நிமிடங்களில்தான் தோற்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டையும் எத்தனை மீன் பிடிக்கும் என்று மட்டும் பார்க்காமல், எத்தனை நிமிடம் தின்னும் என்றும் பார்க்கிறேன்.

## ஓடும் ஈயம்

எல்லாருக்கும் தெரிந்த கட்டு. பிரதான நூலில் துளையுள்ள ஈயத்தைக் கோத்து, அதற்குக் கீழே ஒரு பாசிமணி, அப்புறம் சுவிவல். சுவிவலுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் கிளை நூல், அதன் நுனியில் கொக்கி. மீன் இரையைக் கவ்விக்கொண்டு நகரும்போது நூல் ஈயத்தின் துளை வழியே ஓடும். பாரம் மீனுக்குத் தெரியாது.

கார்ப்புக்கு இது பொருத்தம். கார்ப் இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் துப்பும். சேறு மெத்தென்று படிந்த ஓடை வாய்களில், நேரம் எடுத்துக் காத்திருக்கக்கூடியவனுக்கு இது நல்ல கட்டு. கொக்கி 6ஆம் நம்பர் சரி. கொக்கியில் நம்பர் கூடினால் அளவு குறையும், புதிதாக வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். 10ஆம் நம்பர் 6ஐவிடச் சின்னது.

இதன் மறைமுகச் செலவு சிக்கல். கிளை நூல் நீளம் என்பதால் வீசும்போது அது ஈயத்தைத் தாண்டி முன்னே போய், திரும்பி வந்து பிரதான நூலைச் சுற்றிக்கொள்ளும். கரையில் நிற்கிறவனுக்கு அது தெரியாது. இருபது நிமிடம் ஒரு முடிச்சுருண்டையைக் காவல் காத்துக்கொண்டு நிற்பான். வீசிய தூண்டில் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ரீலில் நூலை விரலால் லேசாக நிறுத்துங்கள், கிளை நூல் நீண்டு விழும். எண்ணிக்கைப் போட்டிக்கு இந்தக் கட்டு வேண்டாம். திலாப்பியா கொறித்துவிட்டுப் போய்விடும், தடி நுனி அசைவதற்குள் கொக்கி மொட்டையாக இருக்கும்.

## கிளைக் கட்டு

ஈயம் அடி நுனியில், அதற்கு மேலே கட்டின் நடு நூலிலிருந்து (அதுதான் உடம்பு) பக்கவாட்டில் இரண்டோ மூன்றோ கிளை. கடற்கரைப் போட்டிக்காரர்கள் உலகம் பூராவும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். ஒரே வீச்சில் இரண்டு மூன்று இரை இறங்குகிறது. கிளை குட்டை, ஈயம் பாரம் என்பதால் கவ்விய மீன் தன்னைத்தானே மாட்டிக்கொள்கிறது. திலாப்பியாவின் கொறிப்புக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. உடம்புக்கு 20 இறாத்தல் (பவுண்டு) தாங்கும் தங்கூசி, அதாவது நைலான் நூல், ஏறத்தாழ ஒரு மீட்டர். கிளைக்கு 8 இறாத்தல், 15 முதல் 20 சென்ரிமீட்டர். இரண்டு கிளையின் நீளத்தையும் கூட்டினால் வருவதைவிட அவற்றுக்கு இடையிலான தூரம் கூடுதலாக இருக்க வேண்டும். கிளை 20, 20 என்றால் இடைவெளி 45. ஒரு கொக்கி இன்னொன்றை எட்டவே கூடாது, அவ்வளவுதான் கணக்கு. பாக்கெட் கட்டுகளில் பாதி இந்தக் கணக்கில் தோற்கும்.

கிளை வரும் இடத்தில் கண்ணி போடுவது இப்படி. நூலை ஒரு பெரிய வளையமாக வளைத்துப் பிடியுங்கள். இரு நூலும் குறுக்கிடும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஆறேழு முறுக்கு. முறுக்கின் நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி வாயைத் திறந்து வையுங்கள். வளையத்தின் எதிர்ப்பக்கத்தை அந்த வாய்க்குள் விட்டு வெளியே இழுத்து, பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு முனைகளையும் இரு கையால் மெதுவாக இழுங்கள். முறுக்கு இரண்டு பக்கமும் சமமாக ஒடுங்கி, நடுவில் ஒரு கண்ணி செங்குத்தாக நிற்கும். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு நனைப்பது முக்கியம். காய்ந்த தங்கூசியை வெடுக்கென்று இறுக்கினால் உராய்வின் சூட்டில் நூல் முடிச்சிலேயே பலம் இழக்கும். நனைக்காத முடிச்சை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும். தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். கிளையின் மறுமுனையில் ஒரு சின்னக் கண்ணி போட்டு வைத்துக்கொண்டால் கண்ணியோடு கண்ணி கோத்து நொடியில் மாற்றலாம்.

சரி, குறை? தூர் உள்ள இடத்தில் இது கொலைகாரக் கட்டு. ஈயம் மாட்டாவிட்டால் கீழ்க் கொக்கி மாட்டும், அதுவும் தப்பினால் மேல் கொக்கி. மீன் மாட்டிய நிலையில் வெறும் கொக்கி தூரில் மாட்டினால் மீனும் போச்சு, கட்டும் போச்சு. இரை கோக்கும் நேரமும் இரட்டிப்பு. மண்புழுவைக் கொக்கியில் ஏற்றுவது கோடைக்கு ஒரு நிமிட வேலை, அட்டை கால் ஏறும் மழைக்காலக் காலையில் அப்படி இல்லை.

## கப்பிக் கட்டு

எங்கள் பக்கத்தில் பத்துப் பேரில் ஒருவர்கூட இதைக் கட்டுவதில்லை. என் கட்சி இது.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்ட லயங்களில் பீலிதான் (குழாயில் வழியும் தண்ணீர்), கிணறு ஏது என்பீர்கள். யாழ்ப்பாணப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், கயிற்றின் ஒரு முனையை இழுக்க மறுமுனை வாளி மேலே வரும். இந்தக் கட்டிலும் அதேதான். பிரதான நூலின் நுனியில் ஒரு சுவிவல். அதன் வளையத்துக்குள் 25 இறாத்தல் நூல் ஒன்று, சுமார் 70 சென்ரிமீட்டர், தாராளமாக ஓடுகிறது. அந்த நூலின் ஒரு முனையில் ஈயம். மறுமுனையில் ஒரு மணியும் இரண்டாவது சுவிவலும், அதிலிருந்து கிளை நூலும் ஒரே ஒரு கொக்கியும். மீன் மாட்டியதும் அதன் இழுவையில் ஓடும் நூல் நகர்ந்து, ஈயம் அடியிலிருந்து மேலே ஏறி, சுவிவல் வரை வந்து ஒட்டிக்கொள்ளும். ஈயம் மேலே முன்னால், மீன் அதற்குப் பின்னால். தூருக்கு மேலாக இரண்டும் மிதந்து வருவது போல வரும். வெளிநாட்டுக் கடற்கரைகளில் பாறைத் தரையில் வீசுகிறவர்கள் இதற்காகவே இதைக் கட்டுகிறார்கள். அவர்களுக்குப் பாறை, நமக்குத் தேயிலைத் தூர்.

மணியை விட்டுவிடாதீர்கள். மணி இல்லாவிட்டால் மேல் சுவிவல் கீழ் சுவிவலின் முடிச்சில் வந்து வந்து இடித்து முடிச்சைத் தின்றுவிடும். நான் ஒரு பாக்கெட் கட்டில் இதை அனுபவித்தேன். மணி இருந்தது, ஆனால் துளை பெரிதாக இருந்ததால் முடிச்சின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரிய கார்ப் ஒன்று கரைக்குப் பத்தடியில் போயிற்று. நூலை இழுத்துப் பார்த்தேன், நுனி பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தது.

குறை: கொக்கி ஒன்றுதான். சாமான் கூடுதல், இரண்டு சுவிவல். கட்ட நேரம் எடுக்கும், ஆகவே முதல் நாளே கட்டி வைக்க வேண்டும். இன்னொன்று, மீன் மாட்டினால்தான் கப்பி வேலை செய்யும். வெறுங்கட்டைச் சுற்றி எடுக்கும்போது ஈயம் மற்றக் கட்டைப் போலவே அடியில் உரசும். அதற்கு வேகமாகச் சுற்றுவதுதான் வழி, தடியை உயரத் தூக்கிக்கொண்டு.

## ஈயத்துக்குப் பலவீனமான கண்ணி

இதைத் தனிக் கட்டாகச் சொல்ல முடியாது, எதிலும் சேர்க்கலாம். ஈயத்தை நேரே கட்டாமல் நாலைந்து அங்குல மெல்லிய நூலில் கட்டுவது, 5 அல்லது 6 இறாத்தல். ஈயம் தூரில் மாட்டினால் அது மட்டும் அறுந்து மற்றது வந்துவிடும். பழைய ஸ்பார்க் பிளக்கோ துருப்பிடித்த நட்டோ போட்டால் போனாலும் வருத்தமில்லை. ஈயத்தைவிட அவை தண்ணீருக்கும் நல்லது. இந்தத் தண்ணீர் கீழே போய் யாரோ குடிக்கிற தண்ணீர்.

ஆனால் கவனம். இந்தக் கண்ணியோடு தலைக்கு மேலே பலமாக வீசக்கூடாது. வீச்சின் உச்சத்தில் நூல் அறுந்தால் ஈயம் துவக்குச் சன்னம் மாதிரிப் பறக்கும். போட்டியில் பத்தடிக்கு ஒருவர் நிற்பார்கள். பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி எறிவதற்கு மட்டும் இது. தூரம் வீச வேண்டும் என்றால் நேர் எதிர்: ஈயத்தின் ஒவ்வோர் அவுன்சுக்கும் 10 இறாத்தல் என்ற கணக்கில், கட்டிலிருந்து ரீல்வரை முதல் சில மீட்டர் தடித்த முன்நூல் வேண்டும். இரண்டு அவுன்ஸ் என்றால் 20 இறாத்தல்.

## தக்கை

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஜூன், ஜூலையில், காற்று படுத்திருக்கும் காலையில், கரையிலிருந்து நாலு தடி தூரத்தில் தக்கையை மிஞ்ச ஒன்றுமில்லை. பாணை நனைத்து உருட்டிக் கோத்தால் போதும். ஒன்பது மணிக்கு மேல் காற்று எழும்பினால் தக்கை பக்கத்துக்காரனின் நூலுக்குப் போய்விடும். அப்புறம் போட்டி மீனோடு இல்லை.

## ஒரே பார்வையில்

| | ஓடும் ஈயம் | கிளைக் கட்டு | கப்பிக் கட்டு | தக்கை |
|---|---|---|---|---|
| கொக்கி | 1 | 2–3 | 1 | 1 |
| எண்ணிக்கைப் போட்டி | மோசம் | மிக நல்லது | சுமார் | கரையோரத்தில் நல்லது |
| பெரிய மீன் போட்டி | மிக நல்லது | சுமார் | நல்லது | சுமார் |
| தூர் உள்ள அடி | மோசம் | மிக மோசம் | நல்லது | அடியைத் தொடாதவரை நல்லது |
| சேற்று அடி | நல்லது | நல்லது | தேவையில்லை | நல்லது |
| காற்று | தாங்கும் | தாங்கும் | தாங்கும் | தாங்காது |
| கட்டும் நேரம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | கண்ணுக்குத் தெரியாத சிக்கல் | இழக்கும் கட்டுகள், இரை கோக்கும் நேரம் | சுவிவல், முன்னேற்பாடு | காற்று எழும்பியபின் வீணாகும் நேரம் |

## வாங்குவதா, கட்டுவதா

பாக்கெட்டில் வாங்கிய கட்டு ஒன்றின் காசுக்கு நான் வீட்டில் மூன்று நான்கு கட்டிவிடுவேன். காசைவிட முக்கியம், அதன் ஒவ்வொரு முடிச்சும் எனக்குத் தெரியும். வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையிலேயே மூன்றைப் பாருங்கள். கொக்கியின் முனையைக் கட்டை விரல் நகத்தில் சாய்த்து வையுங்கள், வழுக்கினால் மழுங்கல். கிளைகளின் நீளத்தை இடைவெளியோடு ஒப்பிடுங்கள். மணியின் துளை முடிச்சைவிடச் சிறியதா என்று பாருங்கள். சுவிவலை மட்டும் வீட்டில் செய்ய முடியாது, அதை நல்லதாகவே வாங்குங்கள்.

கட்டியவற்றைச் சுற்றி வைக்கப் பழைய றப்பர் செருப்பின் அடியைவிட நல்ல சாமான் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தில் பிளேட்டால் கீறல் போட்டு, நூலைச் சுற்றிக் கொக்கியைச் செருகி வைக்கலாம். பிரதான நூலின் நுனியில் ஒரு கொளுவி இருந்தால் எட்டு நிமிடம் ஒரு நிமிடம் ஆகிவிடும்.

## கடலுக்கு இறங்குகிறவர்களுக்கு

சிலர் திருகோணமலைக்கோ நீர்கொழும்புக்கோ வான் பிடித்துப் போட்டிக்குப் போகிறார்கள். அங்கே மணல் அடியில் மூன்று கிளைக் கட்டு தயங்காமல் போடலாம், மேலே நான் திட்டியதெல்லாம் தூருக்குத்தான். அலை ஈயத்தை உருட்டும், ஆகவே நாலைந்து அவுன்ஸ் வேண்டும், அதற்கேற்ப 40, 50 இறாத்தல் முன்நூல். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும், அப்போது கிழக்கே போங்கள். இரை இறால், கணவாய். திரும்பி வந்ததும் ரீலைப் பீலித் தண்ணீரில் அலசாவிட்டால் அடுத்த மாதம் அது சுற்றாது.

## அப்போ எதை எடுப்பது?

ஓடை வாயில், எண்ணிக்கைப் போட்டி: கிளைக் கட்டு, இரண்டு கொக்கி, 8 அல்லது 10ஆம் நம்பர். மூன்றாவது கொக்கி பேராசை. பெரிய மீன் போட்டி, சேற்று அடி: ஓடும் ஈயம். தூர் உள்ள எந்த இடத்திலும், எந்தப் போட்டியிலும்: கப்பிக் கட்டு, பலவீனக் கண்ணியில் ஈயம். நிற்கும் இடம் சீட்டுக் குலுக்கித் தெரியும்வரை எதையும் முடிவு செய்யாமல் இரண்டு வகையும் கட்டி எடுத்துப் போங்கள். தண்ணீர் இறங்கிய பெப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு நாள் கரையோரம் நடந்து, தூர் இருக்கும் இடங்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்கள் ஆகஸ்ட்டில் எந்தக் கட்டையும்விட உதவும். அணைக்கட்டின் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

போன தடவை கேள்வி கேட்ட பையனுக்கு ஒரு செருப்புத் துண்டில் மூன்று கப்பியும் இரண்டு கிளையும் சுற்றிக் கொடுத்தேன். சீட்டில் அவனுக்கு விழுந்தது தூர் நிறைந்த மூலை. நான்கு மணி நேரத்தில் மூன்று நட்டுப் போயிற்று, கட்டு ஒன்றுகூடப் போகவில்லை, ஐந்து மீன். எண்ணிக்கைப் போட்டி. ஓடை வாயில் நின்றவன் இரண்டு கொக்கியில் பதினேழு திலாப்பியா எடுத்து முதலாவதாக வந்தான். எங்கள் பையன் நாலாவது. அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் பத்து மணிக்கே கட்டு தீர்ந்துபோய், இவன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.